எபிக், ஜியான், ஆர்ம்: எந்தச் சர்வர் செயலி, எந்தப் பங்கு?

சர்வர் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். அடுத்த தொகுதிச் சர்வர்களுக்கு ஏஎம்டியின் எபிக்கை எடுப்பதா, இன்டெலின் ஜியானிலேயே நீடிப்பதா, அல்லது கிளவுடில் கிடைக்கும் ஆர்ம் செயலிகளுக்கு மாறிவிடுவதா என்பது முதல் கேள்வி. இந்தப் போட்டியில் முந்தும் நிறுவனத்தின் பங்கை வாங்கி வைக்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்க வேண்டும். சில வேளைகளில் அவை நேரெதிரான விடைகளையே தரும்.

இதற்கு ஏஎம்டியின் 2022ஆம் ஆண்டு தெளிவான சான்று. அந்த ஆண்டு அதன் வருவாய் 44 சதவீதம் உயர்ந்து 2,360 கோடி டாலரை எட்டியது. நவம்பரில் 96 கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் அலகுகள்) கொண்ட ஜெனோவா என்னும் எபிக் தலைமுறை வெளியாகி, சர்வர் செயல்திறனில் இன்டெலைத் தெளிவாகப் பின்தள்ளியது. அதே ஆண்டில் ஏஎம்டியின் பங்கு விலை பாதிக்கும் மேல் சரிந்தது. இன்டெலின் வரலாறு இன்னும் நீண்ட பாடம். 2000இல் 3,370 கோடி டாலராக இருந்த அதன் ஆண்டு வருவாய் 2021இல் 7,900 கோடி டாலராக வளர்ந்தது. எனினும் 2000 ஆகஸ்டில் தொட்ட உச்ச விலையை அந்தப் பங்கு 2025 முடியும் வரை மீண்டும் தொடவில்லை. எனவே முதலில் செயலிகளையும், அதன்பின் தனியாகப் பங்குகளையும் எடைபோடுவோம்.

## செயலியை எந்த அளவுகோல்களால் அளப்பது

விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது கோர்களின் எண்ணிக்கை. முடிவெடுக்க அது மட்டும் போதாது. உங்கள் மென்பொருள் பல கோர்களில் பரவி ஓடக்கூடியதா, அல்லது ஒரே கோரின் வேகத்தை நம்பியிருப்பதா என்பதை முதலில் அறிய வேண்டும். வலைச் சேவைகள், கண்டெய்னர்கள், வீடியோ குறியாக்கம் போன்றவை பரவி ஓடும்; பழைய வணிக மென்பொருள்கள் பலவும் சில தரவுத்தளப் பரிவர்த்தனைகளும் ஒற்றைக் கோரின் வேகத்தில்தான் வாழ்கின்றன.

இரண்டாவது, நினைவகம். ஒரு சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் செயலி பொருந்தும் இடம்) எத்தனை சேனல்கள் (செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தரவுப் பாதைகள்), அவை எந்த வேகத்தில் ஓடும், எவ்வளவு கொள்ளளவைத் தாங்கும் என்பவை கோர் எண்ணிக்கைக்கு இணையான எடை உடையவை. 128 கோர்கள் தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தால் அவற்றுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண்.

மூன்றாவது, மின்சாரமும் குளிரூட்டலும். நான்காவது, கோர் கணக்கில் வசூலிக்கப்படும் மென்பொருள் உரிமக் கட்டணம். பலர் கடைசியில் பார்க்கும் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாவது, இப்போது இருக்கும் அமைப்பிலிருந்து மாறுவதற்கு ஆகும் உழைப்பு. ஆறாவது, அதே மதர்போர்டில் அடுத்த தலைமுறைச் செயலி பொருந்துமா, தேவைப்படும்போது சரக்கு கிடைக்குமா என்பது.

## ஏஎம்டி எபிக்

2017 ஜூனில் 32 கோர்களுடன் எபிக் அறிமுகமானபோது சர்வர் சந்தையில் ஏஎம்டியின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2019இல் வந்த ரோம் தலைமுறைதான் திருப்புமுனை. ஒரே பெரிய சிலிக்கான் துண்டில் எல்லாவற்றையும் செதுக்காமல், கோர்களைச் சிறு சிறு சிப்லெட்டுகளாக, பிற நிறுவனங்களுக்குச் சில்லு தயாரித்துத் தரும் தைவானின் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் முறையில் தயாரித்து, உள்ளீடு வெளியீட்டுப் பகுதியைப் பழைய, மலிவான முறையில் தனியாகச் செய்து இணைத்தார்கள். சிறிய துண்டுகளில் குறைபாடு விழும் வாய்ப்பு குறைவு. அதனால் பழுதில்லாத சில்லுகளின் விகிதம் உயர்ந்து, 64 கோர்களைக் கட்டுப்படியாகும் விலையில் விற்க முடிந்தது. இன்டெல் அப்போது 10 நானோமீட்டர் முறையின் தாமதங்களில் சிக்கியிருந்தது.

2024 அக்டோபரில் வந்த டூரின் தலைமுறையில் இரண்டு கிளைகள் உள்ளன. முழு அளவிலான ஜென் 5 கோர்கள் 128 வரை கிடைக்கின்றன. இடத்தைச் சுருக்கி வடிவமைத்த ஜென் 5சி கோர்கள் 192 வரை கிடைக்கின்றன. சுருக்கிய கோர்களிலும் கட்டளைத் தொகுதி ஒன்றே, இரட்டை இழை வசதியும் (ஒரே கோர் ஒரே நேரத்தில் இரு பணித்தொடர்களை ஓட்டுவது) உண்டு. செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்னும் வேக நினைவகமும் உச்ச வேகமும்தான் குறைவு. எனவே மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) நெருக்கமாக அடுக்க விரும்புபவருக்கு மென்பொருளில் எதையும் மாற்றாமல் அடர்த்தி கிடைக்கிறது. ஒரு சாக்கெட்டுக்கு 12 டிடிஆர்5 சேனல்கள், 128 பிசிஐஇ 5.0 தடங்கள் என்பதால், ஒற்றைச் சாக்கெட் சர்வரிலேயே பல சேமிப்பகங்களையும் பிணைய அட்டைகளையும் பொருத்தலாம். இரண்டு சாக்கெட் சர்வர்தான் வேண்டும் என்ற பழைய பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இது நல்ல காரணம்.

உச்ச மாதிரிகள் 500 வாட் வரை எடுத்துக்கொள்கின்றன என்பதை மறக்கக் கூடாது. எபிக்கின் எஸ்பி5 சாக்கெட் ஜெனோவாவையும் டூரினையும் ஏற்கும் என்பது பெரிய வசதி. ஆனால் பழைய மதர்போர்டின் மின்வழங்கலும் குளிரூட்டலும் 500 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டவையா என்பதைச் சர்வர் தயாரிப்பாளரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எபிக் சிறந்த தெரிவாகும் இடங்கள்: மெய்நிகராக்கத்தில் ஒரு ரேக்குக்கு அதிக அடர்த்தி தேவைப்படும்போது; அறிவியல் கணிப்புகளில் நினைவக வேகமும் பெரிய கேஷும் வேண்டும்போது; புதிதாகத் தரவு மையம் அமைக்கும்போது.

## இன்டெல் ஜியான்

ஜியானை முடிந்த கதையாக ஒதுக்கிவிடுவது அவசர முடிவு. 2023 ஜனவரியில் நீண்ட தாமதத்துக்குப் பின் வந்த சஃபயர் ரேபிட்ஸ் 60 கோர்களுடன் நின்றது. ஜெனோவாவின் 96 கோர்களோடு மோத அது போதவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் வந்த கிரானைட் ரேபிட்ஸ், அதாவது ஜியான் 6இன் 6900 வரிசை, 128 கோர்களையும் 12 நினைவகச் சேனல்களையும் கொண்டு வந்து பல ஆண்டு இடைவெளியைப் பெருமளவு அடைத்தது. எம்ஆர்டிம் என்ற புதுவகை நினைவகத் தகடுகளை நொடிக்கு 8,800 மெகா பரிமாற்றங்கள் என்ற வேகத்தில் அது ஓட்டுகிறது. நினைவக வேகமே தடையாக இருக்கும் பணிகளில் இது உண்மையான அனுகூலம். அந்தத் தகடுகளின் விலை கூடுதல் என்பதும் அதே அளவு உண்மை.

ஜியானின் தனித்தன்மை அதன் உள்ளமைந்த முடுக்கிகளில், அதாவது குறிப்பிட்ட வேலையை மட்டும் விரைவாகச் செய்யும் பகுதிகளில் இருக்கிறது. ஏஎம்எக்ஸ் என்னும் அணிப்பெருக்கல் வசதி ஒவ்வொரு செயல்திறன் கோரிலும் உண்டு. சிறிய, நடுத்தர அளவிலான செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஜிபியு என்னும் தனி வரைகலைச் செயலி இல்லாமல் இயக்க வேண்டியிருந்தால் இதன் பயன் கண்கூடு. குறியாக்கத்துக்கும் தரவுச் சுருக்கத்துக்கும் தனி முடுக்கிகள் உண்டு. ஆனால் இவற்றைப் பயன்படுத்தும்படி உங்கள் மென்பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சிலிக்கானின் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருக்கும். ஜிபியு சர்வர்களுக்குத் தலைமைச் செயலியாகவும் ஜியான் வலுவான இடத்தைப் பிடித்திருக்கிறது. என்விடியா தன் டிஜிஎக்ஸ் பி300 அமைப்புக்கு ஜியான் 6776பி மாதிரியைத் தேர்ந்தெடுத்தது இதற்குச் சான்று.

ஜியான் 6 குடும்பத்தில் பெயர்கள் குழப்புபவை. ‘பி’ என்று முடிபவை செயல்திறன் கோர்கள். ‘இ’ என்று முடிபவை சிக்கனக் கோர்கள். 2024 ஜூனில் வந்த சியரா ஃபாரஸ்ட் 144 சிக்கனக் கோர்கள் கொண்டது. அதில் இரட்டை இழையும் இல்லை, ஏஎம்எக்ஸும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளும் இல்லை. ஏஎம்டியின் சுருக்கிய கோர்களைப் போல இதையும் நினைத்துக்கொண்டு வாங்குபவர் ஏமாற்றமடைவார். சேனல்களும் மாதிரிக்கு மாதிரி மாறும்: 6900 வரிசைக்கு 12, 6700 வரிசைக்கு 8.

எந்தச் சூழலில் ஜியான் சிறந்தது? ஏற்கெனவே இருக்கும் மெய்நிகராக்கக் கொத்து (ஒன்றிணைந்து இயங்கும் சர்வர் குழு) முழுவதும் இன்டெலாக இருந்து, அதை விரிவாக்க மட்டும் வேண்டியிருந்தால் ஜியானே நேர்வழி. மென்பொருள் விற்பனையாளர் ஜியானுக்கு மட்டுமே சான்றளித்திருந்தாலும், ஏஎம்எக்ஸைப் பயன்படுத்தும் பணி கையில் இருந்தாலும் அப்படியே. பேரம் பேசும் இடத்திலும் இப்போது ஜியானுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. 17,800 டாலர் பட்டியல் விலையில் வந்த உச்ச மாதிரியான 6980பி, சில மாதங்களிலேயே 12,460 டாலராகக் குறைக்கப்பட்டது. 192 கோர்கள் கொண்ட எபிக் 9965இன் அறிமுக விலை 14,813 டாலர். பட்டியல் விலைகள் பேச்சுவார்த்தையின் தொடக்கம் மட்டுமே. இரு தரப்பிடமும் விலைப்புள்ளி வாங்காமல் எந்தப் பெரிய கொள்முதலும் செய்யக் கூடாது.

## ஆர்ம் செயலிகள்

ஆர்ம் தெரிவை மற்ற இரண்டோடு ஒரே தட்டில் வைக்க முடியாது, ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவற்றை வாங்க முடியாது. வாடகைக்கு மட்டுமே எடுக்கலாம். அமேசான் 2018இல் கிராவிட்டனை அறிமுகப்படுத்தியது. 2024இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிராவிட்டன்4 96 கோர்கள் கொண்டது. மைக்ரோசாஃப்ட்டின் கோபால்ட் 100 128 கோர்களுடன் 2023 நவம்பரிலும், கூகுளின் ஆக்ஸியன் 2024 ஏப்ரலிலும் அறிவிக்கப்பட்டன. இவை அனைத்தும் ஆர்ம் நிறுவனத்தின் நியோவர்ஸ் கோர்களின் மேல் கட்டப்பட்டவை. வெளிச்சந்தையில் விற்றுவந்த ஆம்பியர் நிறுவனத்தை 650 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் 2025 மார்ச்சில் அறிவித்தது. சொந்தத் தரவு மையத்துக்கு ஆர்ம் சர்வர் வாங்க நினைப்பவர், வழங்குநரின் எதிர்காலத் திட்டத்தைக் கேட்டறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

விலை ஒப்பீட்டில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிளவுடில் எக்ஸ்86 சர்வரை (எபிக்கும் ஜியானும் இந்த வகைக் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தவை) வாடகைக்கு எடுக்கும்போது ஒரு மெய்நிகர் சிபியு என்பது பெரும்பாலும் ஒரு கோரின் இரண்டு இழைகளில் ஒன்று. அதாவது பக்கத்து இழையோடு அந்தக் கோரைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். கிராவிட்டனில் ஒரு மெய்நிகர் சிபியு என்பது முழுக் கோர். அதனால் சர்வர் நிரம்பி ஓடும் நேரத்தில் ஆர்மின் வேகம் சீராக இருக்கும்; எக்ஸ்86இல் தொய்வு தெரியும். கிராவிட்டன்2 வந்தபோது விலைக்கு ஏற்ற செயல்திறன் 40 சதவீதம் வரை கூடும் என்று அமேசான் சொன்னது. விற்பவரின் கூற்றை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் பணிச்சுமையை ஒரு வாரம் இரண்டிலும் ஓட்டி, ஒரு கோரிக்கைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஜாவா, பைத்தான், கோ, நோட் ஆகியவற்றில் எழுதிய சேவைகளுக்கு மாற்றம் பெரும்பாலும் எளிது. சிக்கல் வருவது மூலநிரல் கையில் இல்லாத மூடிய நிரல்களிலும், எக்ஸ்86 கட்டளைகளை நேரடியாக எழுதிய நூலகங்களிலும்தான். இன்னொரு ஆபத்து ஆழமானது. நினைவகத்தில் எழுதும் வரிசையை எக்ஸ்86 கண்டிப்பாகப் பேணுகிறது. ஆர்ம் அவ்வளவு கண்டிப்பாகப் பேணுவதில்லை. பல இழைகளில் ஓடும் சி, சி++ நிரல்களில் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடந்த பிழைகள் ஆர்முக்கு மாறிய பிறகு தலைகாட்டலாம். அவை எப்போதாவது மட்டும் தோன்றுவதால் கண்டுபிடிப்பது கடினம். சோதனைக்கான நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். விண்டோஸ் சர்வரை நம்பியிருப்பவர்களுக்கு ஆர்ம் இயல்பான தெரிவாக இன்னும் மாறவில்லை.

கிளவுடிலேயே பிறந்து வளர்ந்த சேவைகள், கண்டெய்னர்களில் ஓடுபவை, நிலையான பெரிய வாடகைக் கட்டணம் செலுத்துபவை ஆகியவற்றுக்கு ஆர்மே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எபிக் (டூரின்) | ஜியான் 6 | கிளவுட் ஆர்ம் |
|---|---|---|---|
| அதிகபட்சக் கோர்கள் | 128. சுருக்கியவை 192 | 6900பி: 128 | கிராவிட்டன்4: 96. கோபால்ட் 100: 128 |
| நினைவகச் சேனல்கள் | 12 | 12 அல்லது 8 | வாடகையில் இது உங்கள் முடிவு அன்று |
| இரட்டை இழை | உண்டு | ‘பி’ வகையில் மட்டும் | இல்லை |
| தனிச்சிறப்பு | அடர்த்தி, பெரிய கேஷ் | ஏஎம்எக்ஸ், எம்ஆர்டிம் | விலைக்கேற்ற செயல்திறன் |
| மாற்ற உழைப்பு | குறைவு. கொத்து மாற்றத்துக்கு நிறுத்தம் தேவை | இன்டெல் கொத்தில் மிகக் குறைவு | மறுதொகுப்பும் சோதனையும் தேவை |
| சொந்தமாக வாங்கல் | எளிது | எளிது | அரிது |

## விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

உரிமக் கட்டணத்தின் எடையைக் காட்ட ஒரு கணக்கு. ஆரக்கிள் என்டர்பிரைஸ் தரவுத்தளத்தின் பட்டியல் விலை ஒரு செயலி உரிமத்துக்கு 47,500 டாலர். எக்ஸ்86 கோர்களுக்குக் காரணி 0.5. அதாவது இரண்டு கோர்களுக்கு ஓர் உரிமம். 192 கோர்கள் கொண்ட ஒற்றைச் செயலிக்கு 96 உரிமங்கள் வேண்டும். பட்டியல் விலையில் அது 45.6 லட்சம் டாலர். செயலியின் விலையோ 15 ஆயிரம் டாலருக்கும் குறைவு. இதற்கு மேல் ஆண்டுதோறும் உரிம விலையில் 22 சதவீதம் ஆதரவுக் கட்டணம். மெய்நிகர் இயந்திரத்துக்குள் சில கோர்களை மட்டும் ஒதுக்கியிருக்கிறோம் என்று சொல்லித் தப்ப முடியாது. பெரும்பாலான மெய்நிகராக்க மென்பொருள்களின் பிரிப்பை ஆரக்கிள் ஏற்பதில்லை, முழுச் சர்வரையும் கணக்கில் எடுக்கும். இத்தகைய இடத்தில் சரியான தெரிவு, கோர்கள் குறைந்தும் வேகம் மிகுந்தும் இருக்கும் மாதிரி. உதாரணமாக எபிக் 9175எஃப் 16 கோர்களும் 512 மெகாபைட் கேஷும் கொண்டது. அதற்கு 8 உரிமங்கள் போதும்.

விண்டோஸ் சர்வர் 2016 முதல் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய விஎம்வேர் மென்பொருள்கள் இப்போது கோர் கணக்கிலான சந்தாவாக மட்டுமே கிடைக்கின்றன; ஒரு செயலிக்குக் குறைந்தது 16 கோர்கள் என்ற விதி அங்கும் உண்டு. ஆகவே 8 கோர் செயலி வாங்கி உரிமத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பதும் பலிக்காது.

இன்டெல் கொத்திலிருந்து ஏஎம்டி கொத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமல் நகர்த்த முடியாது. நிறுத்தி, நகர்த்தி, மீண்டும் இயக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் இருந்தால் இதற்கான இரவுப் பணிநேரமும் ஒப்புதல்களும் சிறிய செலவல்ல. இரு வகைகளையும் ஒரே கொத்தில் கலப்பதைவிட, தனிக் கொத்தாக அமைத்துப் படிப்படியாக மாறுவது நல்லது.

மின்சாரக் கணக்கு எளிது. 500 வாட் செயலி ஆண்டு முழுவதும் முழுச்சுமையில் ஓடினால் 4,380 யூனிட். குளிரூட்டலுக்கு அதில் பாதி கூடுமானால் 6,570 யூனிட். எனினும் புதிய ஒரு சர்வர் பழைய நான்கைந்து சர்வர்களின் வேலையைச் செய்யும் இடத்தில் மொத்த நுகர்வு குறையும். சிக்கல் வேறு இடத்தில் எழலாம்: உங்கள் ரேக்குக்கு ஒதுக்கப்பட்ட மின்னளவு அந்த அடர்த்தியைத் தாங்காவிட்டால் பாதி ரேக் காலியாகவே கிடக்கும். 2025 இறுதி மாதங்களில் டிராம் என்னும் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 சேனல்களையும் நிரப்பினால்தான் முழு வேகம் கிடைக்கும் என்பதால், நினைவகத்துக்கு ஆகும் செலவு செயலியின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

## பங்குகளுக்கு வேறு அளவுகோல்கள்

6980பி மாதிரியின் விலைக்குறைப்பை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சர்வர் வாங்குபவருக்கு அது முப்பது சதவீதத் தள்ளுபடி. இன்டெலின் பங்குதாரருக்கு அது ஒவ்வொரு விற்பனையிலும் குறையும் லாபம். போட்டி கடுமையாகும்போது வாங்குபவர் பயனடைகிறார். அந்தப் பயன் எங்கிருந்தோ வரவில்லை, உற்பத்தியாளரின் லாப விகிதத்திலிருந்துதான் வருகிறது. அதனால் பங்கைப் பார்க்கும்போது முதல் அளவுகோல் மொத்த லாப விகிதம், அதாவது வருவாயில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் சதவீதம். 2024 கணக்கின்படி இன்டெலுக்கு அது ஏறத்தாழ 33 சதவீதம், ஏஎம்டிக்கு 49, டிஎஸ்எம்சிக்கு 56. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவுக்கு 75.

அடுத்து, மூலதனச் செலவு எவ்வளவு, வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், இன்றைய விலையில் எவ்வளவு எதிர்பார்ப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, அரசுக் கொள்கைகள் எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பவை. இத்துறைக்கே உரிய இன்னொன்று, சுழற்சி. உலகக் குறைக்கடத்தி விற்பனை 2023இல் 52,680 கோடி டாலராக இருந்து 2024இல் 62,760 கோடி டாலராக உயர்ந்தது. அதற்கு முன் 2022இல் இத்துறைப் பங்குகளின் ஃபிலடெல்ஃபியா குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. மைக்ரான் 2023 நிதியாண்டில் 580 கோடி டாலர் நட்டம் கண்டது. இத்தகைய ஓராண்டைத் தாங்கும் பணமும் மனமும் இல்லாதவர் இத்துறையில் பெரிய தொகையை வைக்கக் கூடாது.

### ஏஎம்டி

2024இல் தரவு மையப் பிரிவின் வருவாய் 94 சதவீதம் வளர்ந்து 1,260 கோடி டாலரானது. மொத்த வருவாயான 2,580 கோடி டாலரில் ஏறத்தாழ பாதி. சொந்தத் தொழிற்சாலை இல்லாததால் மூலதனச் செலவு குறைவு. அதற்கு ஈடாக டிஎஸ்எம்சியின் விலையையும் தைவானின் அரசியல் சூழலையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்று இப்பங்கின் விலை எபிக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. என்விடியாவோடு போட்டியிடும் செயற்கை நுண்ணறிவு முடுக்கிகளை நம்பி நிற்கிறது. 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐயுடன் செய்த, 6 கிகாவாட் மின்திறன் அளவுக்கு முடுக்கிகளை வழங்கும் ஒப்பந்தத்தில், இலக்குகள் நிறைவேறும்போது 16 கோடி வரையிலான பங்குகளை அந்த நிறுவனம் பெறும் உரிமை அடங்கியிருக்கிறது. இது பழைய பங்குதாரரின் பங்கைக் கரைக்கும் மறைசெலவு. எபிக்கின் மேன்மையை மட்டும் பார்த்து இதை வாங்குபவர், தான் எடைபோடாத ஒரு வணிகத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். ஏஎம்டியின் முடுக்கிகளும் நிலையான இடம் பிடிக்கும் என்று தனியே ஆராய்ந்து நம்புபவருக்கே இது பொருந்தும்.

### இன்டெல்

இது மீட்சியை நம்பும் பந்தயம். 2024இல் 1,880 கோடி டாலர் நட்டம். அந்த ஆகஸ்டில் ஒரே நாளில் பங்கு 26 சதவீதம் விழுந்தது. 2023இல் மூன்றில் ஒன்றாக வெட்டப்பட்ட ஈவுத்தொகை 2024 கடைசிக் காலாண்டு முதல் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பான ஈவுத்தொகைப் பங்கு என்று நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்த இழப்பு இத்துறையில் யாரும் மறக்கக் கூடாத ஒன்று. 2025 மார்ச்சில் லிப்-பு டான் தலைமை ஏற்றார். ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு பங்குக்கு 20.47 டாலர் வீதம் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. செப்டம்பரில் என்விடியா 23.28 டாலர் வீதம் 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. இவை நிறுவனம் உயிரோடு நிற்கும் என்ற நம்பிக்கையைக் கூட்டின. தொழிற்சாலைகள் லாபம் ஈட்டும் என்பதை நிறுவவில்லை. 18ஏ தயாரிப்பு முறையில் பழுதில்லாத சில்லுகளின் விகிதம் உயர்கிறதா, வெளி வாடிக்கையாளர்கள் பெரிய அளவில் வருகிறார்களா என்ற இரண்டுதான் இப்பங்கின் தலைவிதியைத் தீர்மானிக்கும். பல ஆண்டுகள் காத்திருக்கவும், அரசு பெரும் பங்குதாரராக இருப்பதை ஏற்கவும் முடிந்தவருக்கு மட்டும் இது உரியது.

### ஆர்ம்

2023 செப்டம்பரில் 51 டாலர் விலையில் சந்தைக்கு வந்த ஆர்ம், வடிவமைப்பு உரிமமும் ஒவ்வொரு சில்லுக்கும் ராயல்டியும் பெறுகிறது. மொத்த லாப விகிதம் 95 சதவீதத்தை ஒட்டியது. கிராவிட்டனோ கோபால்ட்டோ ஆக்ஸியனோ, எது வென்றாலும் ஆர்முக்கு வருமானம் உண்டு. ஆனால் ஒரு சில்லுக்குக் கிடைக்கும் தொகை சிறியது. பங்கின் விலையோ பல ஆண்டு வளர்ச்சியை முன்கூட்டியே கணக்கில் எடுத்தது. சாஃப்ட்பேங்க் 90 சதவீதம் வரை வைத்திருப்பதால் சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவு. விலை இரு திசையிலும் வேகமாக ஆடும்.

### டிஎஸ்எம்சியும் கருவி உற்பத்தியாளர்களும்

எபிக், கிராவிட்டன், என்விடியாவின் கிரேஸ் என எல்லாவற்றையும் தயாரிப்பது டிஎஸ்எம்சி. மிக நுண்ணிய சில்லுகளுக்கு இன்றியமையாத இயுவி ஒளிப்பதிவு இயந்திரங்களை உலகிலேயே செய்யும் ஒரே நிறுவனம் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். செயலிப் போட்டியில் யார் முந்துவார் என்று கணிக்க முடியாதவர் இந்த அடுக்கைப் பார்ப்பது அறிவுடைமை. ஆபத்து இல்லாத இடம் என்று இதற்குப் பொருளில்லை: டிஎஸ்எம்சிக்குத் தைவான் நீரிணை, ஏஎஸ்எம்எல்லுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள்.

### என்விடியாவும் துறைக் குறியீட்டு நிதிகளும்

என்விடியாவைச் சர்வர் செயலி நிறுவனமாகப் பார்ப்பது பொருந்தாது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டின் 13,050 கோடி டாலர் வருவாயில் பெரும்பகுதி முடுக்கிகளால் வந்தது. 2025 ஜனவரி 27 அன்று டீப்சீக் என்னும் சீனச் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் பற்றிய செய்தியால் அதன் சந்தை மதிப்பு ஒரே நாளில் 58,900 கோடி டாலர் அளவுக்குக் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலர் மதிப்பை எட்டிய முதல் நிறுவனமும் அதுவே. துறைக் குறியீட்டு நிதி வாங்குபவர், அதில் இத்தகைய சில பெரிய நிறுவனங்களே பெரும் எடையைக் கொண்டிருக்கும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். எனினும் ஒரே நிறுவனத்தின் விதியோடு சேமிப்பைக் கட்டிப்போட விரும்பாதவருக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

## முன்னால் எவற்றைக் கவனிப்பது

இந்நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியோர் எபிக்கையும் ஜியானையும் மிகப் பெரிய அளவில் வாங்குபவர்கள். சொந்த ஆர்ம் செயலிகளால் அவற்றோடு போட்டியிடுபவர்களும் அவர்களே. அவர்கள் மூலதனச் செலவை ஒரே காலாண்டில் குறைத்தாலும் இத்துறை முழுவதும் அதிரும். எனவே செயலிகளின் பெஞ்ச்மார்க் மதிப்பெண்களைவிட, இம்மூவரும் மெட்டாவும் காலாண்டுதோறும் அறிவிக்கும் மூலதனச் செலவுத் திட்டங்களே பங்குகளுக்கு முன்னறிவிப்பாக இருக்கும்.

செயலித் தரப்பில் ஏஎம்டியின் அடுத்த தலைமுறையான வெனிஸ், டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் முறையில் 256 கோர்கள் வரை கொண்டு 2026இல் வருவதாக அறிவிக்கப்பட்டது; இன்டெல் 18ஏ முறையிலான கிளியர்வாட்டர் ஃபாரஸ்ட்டை 2026இன் முதல் பாதிக்கு ஒத்திவைத்தது. கொள்முதலைச் சில மாதங்கள் தள்ளிப்போட முடிந்தவர், புதிய தலைமுறைக்காகக் காத்திருப்பதைவிட, அது வரும்போது இன்றைய தலைமுறையின் விலை இறங்குவதற்காகக் காத்திருப்பது கூடுதல் பயன் தரும். நினைவக விலை இறங்காத வரையில் அந்த மிச்சமும் குறைவாகவே இருக்கும் என்பதால், விலைப்புள்ளி கேட்கும்போது செயலியையும் நினைவகத்தையும் தனித்தனி வரியாகப் பிரித்துக் கேளுங்கள்.